பசுமைத் தீர்ப்பாயத்தில் ஊர்க்காரர்கள் வழக்குப் போடுவது எப்படி: தேதி, ஆவணம், மனு, அதற்குப் பிறகு

சாயக்கழிவு வாய்க்காலில் இறங்குகிறது. குவாரி, அனுமதித்த ஆழத்தைத் தாண்டித் தோண்டுகிறது. ஏரிக்கரையில் நகராட்சி குப்பை கொட்டுகிறது. இப்படிப்பட்ட விஷயங்களில் பாதிக்கப்பட்டவர்களே நேரடியாக வழக்குத் தொடுக்க 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வழி செய்திருக்கிறது. தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில், கலச மஹால் கட்டடத்தில் இயங்குகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா வழக்குகள் அங்கே வருகின்றன. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

கதவு இவ்வளவு அகலமாக இருந்தும், பல மனுக்கள் வாதத்துக்கே வராமல் காலவரம்பிலும் மன்றத் தேர்விலும் விழுந்துவிடுகின்றன. அதனால் மாசைப் பற்றிப் பேசுவதற்கு முன் தேதியைப் பேச வேண்டும்.

முதலில் காலண்டர்

சுற்றுச்சூழல் தகராறுகளுக்கான 14-ஆம் பிரிவில் போடும் மனுவுக்கு, வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். "முதன்முதலில்" என்ற சொல்தான் ஆபத்து. "பத்து வருடமாக இந்த ஆலை எங்களைக் கொல்கிறது" என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம்.

15-ஆம் பிரிவு வேறு கணக்கு. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, சேதமான சொத்தையும் சுற்றுச்சூழலையும் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் ஆகியவை இதில் வரும். இதற்கு ஐந்து ஆண்டும், கூடுதலாக 60 நாளும் உண்டு. நீண்ட நாள் மாசு என்றால் 14, 15 இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட்டு, சீரமைப்பைத் தெளிவான கோரிக்கையாக வைத்து மனு போடுங்கள். கூடவே, அண்மையில் நடந்த ஒரு புதிய நிகழ்வைத் தேதியோடு சுட்டுங்கள்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வறிக்கை வந்த நாள், ஆலைக்கு வாரியம் தந்த அனுமதியான இசைவாணை காலாவதியான நாள், மீன்கள் செத்து மிதந்த நாள். ஆலைக்கு எதிராகப் பழைய கதை முழுவதையும் சொல்லலாம். ஆனால் வழக்கு நிற்பது அந்தப் புதிய தேதியின் மேல்.

மிகக் கடுமையான கெடு 16-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் மேலும் 60 நாள். மொத்தம் 90. தொண்ணூற்றொன்றாம் நாள் போனால் காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் கிடையாது. அனுமதிக் கடிதத்தின் வழக்கமான நிபந்தனைப்படி, அனுமதி கிடைத்த ஏழு நாளுக்குள் திட்டதாரர் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். விளம்பரம் பெரும்பாலும் யாரும் பார்க்காத மூலையில்தான் வரும். எனவே சங்கத்தில் ஒருவருக்கு ஒரே வேலை கொடுங்கள்: வாரம் ஒருமுறை சுற்றுச்சூழல் அனுமதிகள் ஏறும் ஒன்றிய அரசின் பரிவேஷ் தளத்தில் மாவட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுவது.

எந்த மன்றம்

தீர்ப்பாயம் ஏழு சட்டங்களைச் சார்ந்த விவகாரங்களை மட்டுமே விசாரிக்கும்: நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974, அதன் தீர்வைச் சட்டம் 1977, வனப் பாதுகாப்புச் சட்டம் 1980, காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991, உயிரியல் பன்மைச் சட்டம் 2002. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் இதில் இல்லை. யானை வழித்தடத்தில் சொகுசு விடுதி என்று காட்டுயிர்ச் சட்டத்தை மட்டும் நம்பிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே விடுதி கழிவுநீருக்கு இசைவாணை இல்லாமல் நடந்தால், நீர்ச் சட்டம் வழியாக உள்ளே வரலாம். மணல், கல் விவகாரமும் அப்படியே. கனிம விதிமீறல் என்று எழுதாமல், சுற்றுச்சூழல் அனுமதியின் இன்ன நிபந்தனை மீறப்பட்டது என்று எழுதுங்கள்.

மன்றத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கு போதும். ஆலையை மூடிய அரசு உத்தரவைப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் ரத்து செய்தது. 2019 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், இதை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகார வரம்பே இல்லை என்று அந்த உத்தரவைத் தள்ளியது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் மூடியது சரி என்றது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே தவறான மன்றம் ஆலைத் தரப்பின் காலை வாரியது. நாளை உங்கள் காலையும் வாரலாம்.

ஏழு சட்டங்களுக்குள் அடங்காததற்கு அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்ற ரிட் இருக்கிறது. தீர்ப்பாயம் வந்ததால் அந்த அதிகாரம் போய்விடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. சின்ன, உள்ளூர்த் தொல்லைகளுக்குக் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுதான் அது. செலவில்லை, பலரும் மறந்துபோன ஆயுதம். ஒரே ஒரு கோழிப்பண்ணை நாற்றத்துக்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டாம்.

ஆவணங்களைத் திரட்டுவது

மனு எழுத ஒரு வாரம் போதும். கோப்பைச் சேர்க்க மூன்று மாதமாவது ஆகும். ஆறு மாதக் கெடுவில் பாதி இதிலேயே போய்விடும் என்பதால், முதல் தகவல் உரிமை மனுவைச் சிக்கல் தெரிந்த வாரத்திலேயே அனுப்புங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தமிழிலேயே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். "இந்த ஆலை மாசுபடுத்துகிறதா?" என்று கேட்டால் "தகவல் இல்லை" என்று ஒரு வரி வரும். கேள்வி கேட்கக் கூடாது, நகல் கேட்க வேண்டும்: நிறுவுவதற்கான இசைவாணை, இயக்குவதற்கான இசைவாணை, கடைசி மூன்று ஆண்டுகளின் ஆய்வறிக்கைகள், மாதிரிப் பரிசோதனை முடிவுகள், காரணம் கேட்கும் நோட்டீஸ்கள், அவற்றுக்கு ஆலை தந்த பதில்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

வாரியத்தின் பழைய நோட்டீஸ் ஒன்று கையில் கிடைத்தால், அது நீங்கள் எடுக்கும் நூறு புகைப்படங்களுக்குச் சமம். குற்றத்தை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டம் என்றால், ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் திட்டதாரர் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி அரையாண்டு அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை இடப்பக்கமும், அறிக்கையில் சொன்னதை நடுவிலும், களத்தில் இருப்பதை வலப்பக்கமும் எழுதி ஒரு பட்டியல் போடுங்கள். பசுமை வளையம் 33 விழுக்காடு என்று எழுதியிருப்பார்கள். கூகுள் எர்த்தின் பழைய படங்களில் அந்த இடம் வெறும் மண்ணாகத் தெரியும்.

நில விவரத்துக்கு அ-பதிவேடும் புலப்படமும் வேண்டும். இரண்டும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் கிடைக்கும். "ஏரிக்குப் பக்கத்தில்" என்று எழுதாதீர்கள். புல எண், உட்பிரிவு, நீர்நிலைப் புறம்போக்கு என்ற வகைப்பாடு, ஆலைச் சுவரிலிருந்து மீட்டரில் தூரம் என்று எழுதுங்கள்.

தண்ணீர் மாதிரி

நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, சட்டரீதியான சான்றாக நிற்பது வாரிய அலுவலர் எடுக்கும் மாதிரிதான். ஆலைக்கு அறிவித்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருதரப்பும் கையெழுத்திட்டு எடுக்க வேண்டும். அப்படியானால் நாம் எடுக்கும் மாதிரி வீணா? இல்லை. தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆய்வுக்குழு அனுப்பும் அளவுக்கு முகாந்திரம் இருக்கிறது என்று காட்ட உங்கள் முடிவு போதும்.

மூன்று இடங்களில் எடுங்கள்: கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே, கலக்கும் வாயில், கீழே. மேலே எடுத்தது இல்லாவிட்டால், "மாசு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது" என்ற ஒரே வரியில் எல்லாம் அடிபடும். பொதுவான பரிசோதனைக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், அதே நீரில் மூன்று முறை அலசி நிரப்புங்கள். கன உலோகத்துக்குத் தனிப் பாட்டில். ஆய்வகம் தரும் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்து நீரின் பி.எச். (அமில-கார அளவு) 2-க்குக் கீழே வரும்படி செய்ய வேண்டும், இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைந்து காட்டும். எண்ணெய்ப் பிசுக்குக்குக் கண்ணாடிப் பாட்டில், அதை அலசக் கூடாது. பி.ஓ.டி. (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) பார்க்க வேண்டியதை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஒப்படையுங்கள். மதுரையில் சனிக்கிழமை மாலை எடுத்துத் திங்கள்கிழமை கொடுத்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (பரிசோதனைக்கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் கேட்கும் அளவீடு அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பிட வேண்டிய பொது அளவுகள்: ஆறு, ஏரி, வாய்க்காலில் விடும் கழிவுநீருக்கு பி.எச். 5.5 முதல் 9 வரை, பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெய்ப் பிசுக்கு 10. ஆலையின் இசைவாணையில் இதைவிடக் கடுமையான அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் குறைவாக இருக்கும் ஊருக்கு ஒரு நல்ல வழி, கிணற்றுக் கணக்கெடுப்பு. வேலூர் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பில், திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கெடுப்பு பேசப்படுகிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. ஊருக்கு ஊர் கிணறு கிணறாக எண்ணிய வேலை நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறியது. கிணற்று எண், புல எண், ஆழம், உப்பின் அளவு, எந்த ஆண்டு குடிப்பதை நிறுத்தினார்கள், எந்தப் பயிரைக் கைவிட்டார்கள் என்ற ஆறு கட்டங்கள் போதும். டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) மீட்டரை ஒவ்வொரு நாள் காலையிலும் 1413 மைக்ரோசீமென்ஸ் மின்கடத்துதிறன் கொண்ட நிலைக்கரைசலில் சரிபார்த்து, அதையும் நோட்டில் எழுதுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு.

புகைப்படம், காணொளியை வாட்சப்பில் சுற்றவிட்டு அந்தப் பிரதியைத் தாக்கல் செய்யாதீர்கள். எடுத்த போனில் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணு ஆவணங்களுக்குத் தரும் சான்றிதழை, எடுத்தவர் பெயரில் இணைத்துவிடுவது நல்லது. தீர்ப்பாயம் கேட்காவிட்டாலும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போகும்போது உதவும்.

யார் பெயரில், யார்மேல்

பதிவு செய்யாத ஊர்க்குழுவும் வழக்குப் போடலாம். பதிவு பெற்றதோ பெறாததோ, சேர்ந்து இயங்கும் எந்தக் குழுவும் சட்டத்தின் பார்வையில் "நபர்"தான். ஆனாலும் சங்கத்தோடு குறைந்தது மூன்று தனி ஆள்களையும் மனுதாரர்களாகச் சேர்ப்பது பாதுகாப்பு. தனியாக நிற்கும் மனுதாரரை ஆலைத் தரப்பு வேலை, பணம், மிரட்டல் என்று ஏதாவது ஒன்றால் பேசி வழிக்குக் கொண்டுவந்துவிடும். அவர் மனுவைத் திரும்பப் பெற்றால் கதை முடிந்தது. "பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் சமரசம் இல்லை" என்று தீர்மானம் போட்டு, அதே தீர்மானத்தில் கையெழுத்து அதிகாரத்தையும் கொடுத்துவிடுங்கள்.

எதிர்மனுதாரர்களில் வாரியம், ஆட்சியர், தொடர்புடைய துறை எல்லாம் வரட்டும். ஆனால் ஆலையை விட்டுவிடக் கூடாது. அரசை மட்டும் சேர்த்து ஆலைக்கு எதிராக உத்தரவு வாங்கிவிட்டால், "எங்களைக் கேட்காமல் தண்டித்துவிட்டார்கள்" என்று மேல்முறையீட்டில் ரத்து வாங்குவார்கள். நிறுவனத்தின் சரியான சட்டப் பெயரையும் பதிவு முகவரியையும் கம்பெனி விவகாரத் துறைத் தளத்திலிருந்து எடுங்கள். வாயில் பலகையில் இருப்பது வெறும் வணிகப் பெயராக இருக்கலாம்.

மனுவின் உடல்

மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். மங்கலான நகல் என்றால் தட்டச்சு செய்த படியும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவகம் குறை சொல்லித் திருப்பும், காலவரம்புக் கடிகாரமோ நிற்காது. மனுவின் முன்னால் ஒரு பக்கச் சுருக்கமும் தேதிவாரிப் பட்டியலும் வையுங்கள். அமர்வு முதலில் படிப்பது அதைத்தான். ஆவணத் தொகுப்புக்குத் தொடர் பக்க எண் கொடுத்து, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எதிரே அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

விதிப்படி ஒரு மனு ஒரே வழக்குக் காரணத்தைச் சார்ந்திருக்க வேண்டும். ஆலைக் கழிவு, ஏரி ஆக்கிரமிப்பு, மணல் லாரி மூன்றையும் ஒரே மனுவில் அடைக்க வேண்டாம். கோரிக்கையும் கையால் தொட்டுப் பார்க்கும்படி இருக்கட்டும். "நீதி வழங்க வேண்டும்" என்பதை எந்த அதிகாரியாலும் நிறைவேற்ற முடியாது. "இன்ன புல எண்ணில் உள்ள வெளியேற்றுக் குழாயை அடைக்க வேண்டும், இந்த 42 வீடுகளுக்கு ஆலைச் செலவில் குடிநீர் தர வேண்டும், கசடை அகற்றும் திட்டத்தை இத்தனை வாரத்தில் தாக்கல் செய்ய வேண்டும்" என்று கேட்டால் முடியும். இடைக்காலத் தடைக்குத் தனி மனு போடுங்கள்.

இழப்பீட்டுத் தொகை கேட்டால் கட்டணம் தொகையில் ஒரு விழுக்காடு. 50 லட்சம் கேட்டால் 50,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பெரிய தொகையைச் செய்தித்தாளுக்காகப் போட வேண்டாம். பொய்யான மனு என்று கண்டால் செலவுத்தொகை விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

மனுவுக்குப் பதிலாகக் கடிதம் எழுதினாலும் தீர்ப்பாயம் தானாக எடுத்துக்கொள்ளலாம். அந்த அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதி செய்தது. அவசரத்துக்கு அது சரி. ஆனால் கடித வழக்கில் கடிவாளம் உங்கள் கையில் இருக்காது. "வாரியம் பரிசீலித்து நடவடிக்கை எடுக்கட்டும்" என்று இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவதும் நடக்கும்.

கூட்டுக் குழு வரும் நாள்

வழக்கின் விதி பெரும்பாலும் இங்கேதான் எழுதப்படுகிறது. மத்திய, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள், ஆட்சியரின் பிரதிநிதி, சில நேரம் ஒரு கல்வி நிறுவன வல்லுநர் என்று, களத்தை ஆய்வு செய்யத் தீர்ப்பாயம் ஒரு குழு அமைக்கும். ஆய்வில் மனுதாரரும் உடனிருக்க உத்தரவிலேயே அனுமதி கேட்டு வாங்குங்கள். அறிவித்துவிட்டு வரும் ஆய்வு என்பதால், அன்றைக்கு ஆலை கோயில்போல் சுத்தமாக இருக்கும். ஆகவே ஓடும் நீரை மட்டும் நம்பாமல், ஓடாததைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்: வாய்க்கால் அடிக்கசடு, சுவரை ஒட்டிய கிணறுகள், மழைநீர் வடிகால். ஜி.பி.எஸ். புள்ளிகளோடு இந்த இடங்களைப் பட்டியலிட்டு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

"கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறவில்லை" என்று சொல்லும் ஆலையைக் கணக்கில் பிடிக்கலாம். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவு, அதில் லிட்டருக்கு 6 கிராம் உப்பு என்றால், நீரைப் பிரித்தெடுத்த பிறகு தினமும் 600 கிலோ உப்பு மிஞ்ச வேண்டும். மாதம் 18 டன். அந்த உப்பு எந்தக் கிடங்கில் இருக்கிறது, பதிவேட்டில் எவ்வளவு, சுத்திகரிப்பு நிலையத்தின் மின் மீட்டர் எவ்வளவு ஓடியது என்று குழுவைக் கேட்க வையுங்கள். உப்பு இல்லையென்றால் தண்ணீர் வேறெங்கோ போயிருக்கிறது.

அறிக்கை பாதகமாக வந்தால் அடுத்த வாய்தாவுக்கு முன்பே பத்தி பத்தியாக ஆட்சேபம் தாக்கல் செய்யுங்கள். வாய்மொழியாக மறுப்பது பதிவில் நிற்காது. அபராதக் கணக்கையும் சரிபாருங்கள். மத்திய வாரியத்தின் வாய்பாட்டில் ஐந்து எண்கள் பெருக்கப்படுகின்றன: மாசுக் குறியீடு, மீறல் நாள்கள், ரூபாய்க் காரணி, ஆலையின் அளவு, ஊரின் மக்கள்தொகைக் காரணி. அதிகம் மாசுபடுத்தும் சிவப்பு வகைப் பெரிய ஆலை, 100 நாள் மீறல், சிறிய ஊர் என்றால் 80 × 100 × 250 × 1.5 × 1, அதாவது 30 லட்சம் ரூபாய். ஏமாற்று பெரும்பாலும் நாள் எண்ணிக்கையில்தான் நடக்கும். ஆய்வு நடந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். உங்கள் தகவல் உரிமை நகல்களில் உள்ள முதல் நோட்டீஸ் தேதியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள்.

உத்தரவு கையில் வந்த பிறகு

வேலூர் வழக்கு 1991-இல் போடப்பட்டது, 1996-இல் தீர்ப்பு. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு, பாலாற்றுச் சீரமைப்பு பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியிலும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. திருப்பூரில் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வேறு பாடம் தருகிறது. கழிவே வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் சொன்னது. அது நடக்கவில்லை என்று சங்கம் அவமதிப்பு வழக்குப் போட்ட பிறகே, 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடும் உத்தரவு வந்தது. முதல் தீர்ப்போடு வீட்டுக்குப் போயிருந்தால் அது காகிதமாகவே இருந்திருக்கும்.

எனவே உத்தரவு இணையத்தில் ஏறிய அன்றே, நிறைவேற்ற வேண்டிய ஒவ்வொரு அதிகாரிக்கும் அதன் நகலோடு அவருக்குரிய பத்தி எண்ணைக் குறிப்பிட்டு விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். தோற்ற தரப்பு உச்ச நீதிமன்றம் போக 90 நாள் இருக்கிறது. அங்கே உங்களைக் கேட்காமல் தடை வாங்கிவிடாதபடி கேவியட் மனு போட்டு வையுங்கள். அது 90 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். கெடு முடிந்தும் குழாய் அடைபடவில்லையென்றால் 25-ஆம் பிரிவில் நிறைவேற்று மனு போடுங்கள். தீர்ப்பாய உத்தரவுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு. மனுவோடு புதிய மாதிரி முடிவு இருக்க வேண்டும். அதே மூன்று இடங்கள், அதே ஆய்வகம், முடிந்தால் அதே பருவம். மழைக்காலத்து எண்ணைக் கோடைகாலத்து எண்ணோடு வைத்தால், மாசு குறைந்துவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிட நாமே புள்ளிவிவரம் கொடுத்ததாகிவிடும்.